19-ஆம் நம்பர் பொட்டலத்தில் என்னதான் இருக்கிறது? – விவாத இழை

பிப்ரவரி 16, காலை (கேட்டவர் எழுதியது)

ஜப்பானில் சைதாமாவுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. மூன்று வருஷம் ஒன்றும் இல்லை. இந்த பிப்ரவரியில் மூக்கு சரியாக மூடாத குழாய் மாதிரி ஒழுகுகிறது, கண்ணைப் பிடுங்கி வைத்துவிடலாம் போல அரிப்பு. டாக்டர் ஒரு மாத்திரையும், 19 என்று பெரிதாக எண் போட்ட தூள் பொட்டலமும் கொடுத்தார். மூலிகையாம். வாயில் போட்டால் புளிப்பு, காரம், கசப்பு எல்லாம் ஒரே நேரத்தில். இதில் அலர்ஜியைத் தடுக்கிற பொருள் உண்மையிலேயே இருக்கிறதா? இல்லை, நம் ஊர்க் கஷாயம் மாதிரி ஆறுதலுக்கா?

பிப்ரவரி 16, இரவு

"ஆறுதலுக்கா" என்பதை முதலில் வாபஸ் வாங்குங்கள். என் அம்மா படித்தால் வருத்தப்படுவார்.

நான் டாக்டர் இல்லை. வேதியியல் படித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். டோக்கியோ நிஷிகசாயில் பதினோராவது வருஷம், அதில் ஏழு வசந்தம் மூக்கைச் சிந்தியே போனது. அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

உங்களுக்கு வந்திருப்பது சுகி என்ற ஊசியிலை மரத்தின் மகரந்தம் தரும் அலர்ஜி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலை மலையாக நட்டார்கள், இன்று ஜப்பானியக் காடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதுதான். நிக்கோ பக்கத்தில் இந்த நோயைக் கண்டு முதலில் எழுதியது 1964-இல். 2019 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 38.8 பேருக்கு இருந்தது. முதல் சில வருஷம் ஒன்றும் செய்யாது. உடம்பு மெதுவாக எதிர்ப்பைச் சேர்த்துவைத்து ஒரு நாள் கணக்கைத் தீர்க்கும். எனக்கு ஐந்தாவது வசந்தத்தில் தீர்த்தது.

19 என்பது ஷோசேய்ரியூதோ என்ற கஷாயத்தின் நம்பர். பெயரைப் பிரித்தால் "குட்டிப் பச்சை டிராகன் கஷாயம்". சுமார் 1800 வருஷத்துக்கு முன் சீனாவில் ஜாங் ஜோங்ஜிங் தொகுத்த சுர நூலில் வருகிற யோகம். எட்டுச் சரக்கு. அதில் மூன்று உங்கள் அம்மாவின் அஞ்சறைப் பெட்டியிலும் தெருமுனை நாட்டு மருந்துக் கடையிலும் இருப்பவை: சுக்கு, பட்டை, அதிமதுரம். மீதி ஐந்து: எபெட்ரா தண்டு, பியோனி வேர், பினெல்லியா கிழங்கு, அசாரம் வேர், ஷிசாண்ட்ரா பழம். கடைசிப் பழத்துக்கு சீனத்தில் "ஐஞ்சுவைப் பழம்" என்று பெயர். அந்தப் புளிப்பு அதுதான். நமக்கு ஆறு சுவை, அவர்கள் ஐந்தோடு நிறுத்திவிட்டார்கள்.

வேலை செய்யுமா? செய்யும். வருஷம் முழுக்க மூக்கு அலர்ஜி உள்ளவர்களுக்கு, யாருக்கு எது என்று டாக்டருக்கும் நோயாளிக்கும் தெரியாமல், ஜப்பானில் போலி மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1995-இல் முடிவு வெளியானது. 19 சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 45 பேருக்கு நல்ல குணம், போலி சாப்பிட்டவர்களில் 18 பேருக்கு. ஆக, அலர்ஜி எதிர்ப்பு மருந்துதான். தைரியமாகச் சாப்பிடுங்கள்.

பிப்ரவரி 17

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். "அலர்ஜி எதிர்ப்பு" என்று அடித்துச் சொன்னது அவசரம்.

பொட்டலம் போட்ட அரை மணி நேரத்தில் மூக்கு திறக்கிறதே, அது யாருடைய வேலை? எபெட்ராவுடையது. பார்ப்பதற்கு இலையே இல்லாத துடைப்பக் குச்சிக் கட்டு. அதிலிருந்து எபெட்ரினைப் பிரித்தெடுத்தவர் நாகாய் நாகாயோஷி, 1885-இல். பெர்லினில் படித்துவிட்டு ஜெர்மன் மனைவியோடு ஊர் திரும்பிய மனிதர். எபெட்ரின் மூக்கின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், மூச்சுக் குழாயை விரிக்கும். அலர்ஜி அதன் போக்கில் நடந்துகொண்டேதான் இருக்கும், வீக்கம் மட்டும் வடியும். வீட்டில் சண்டை நடக்கிறது, சத்தம் தெருவுக்குக் கேட்காமல் ஜன்னலைச் சாத்தியாயிற்று, அவ்வளவுதான்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். 19-இல் ஒரு நாளைக்கு 3 கிராம் எபெட்ரா. ஜப்பானிய மருந்து நெறிநூல்படி அதில் ஆல்கலாய்டு (எபெட்ரினும் அதன் உறவுகளும்) 0.7 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சரக்கிலேயே குறைந்தது 21 மில்லிகிராம். கஷாயமாக இறங்குவது கொஞ்சம் குறையும் என்றாலும் விளையாட்டான அளவு இல்லை. ராத்திரிப் பொட்டலம் போட்டுவிட்டு இரண்டு மணி வரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். மனைவி "ஆபீஸ் டென்ஷன்" என்றாள். நானும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். ரத்த அழுத்தம், இதயப் படபடப்பு, பெரிதான புராஸ்டேட் உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது.

இதே நாகாய்தான் 1893-இல் எபெட்ரினிலிருந்து மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருளும் செய்தவர். அதன் நிழல் இன்னும் இருக்கிறது. எபெட்ரினின் உறவான சூடோஎபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரையை ஜப்பானுக்குள் கொண்டுவரத் தடை. ஊரிலிருந்து அள்ளி வருபவர்கள் அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

பிப்ரவரி 17, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. (இன்று பொட்டலம் போடவில்லை. இது நிஜமான ஆபீஸ் டென்ஷன்.)

"அப்படியானால் உண்மையான அலர்ஜி எதிர்ப்பு என்பது என்ன?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சுருக்கமாகச் சொல்கிறேன். மகரந்தத்துக்கு எதிராக உடம்பு ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளைச் செய்கிறது. அது மூக்கிலும் கண்ணிலும் உள்ள மாஸ்ட் செல் என்ற காவல் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை மகரந்தம் வந்து அதைத் தொட்டால் செல் வெடித்தது போல ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும். அப்புறம் தும்மல். இதில் மூன்று இடத்தில் கை வைக்கலாம்: ஐஜிஇ உருவாகாமல் தடுக்கலாம், செல் கொட்டாமல் கட்டிப்போடலாம், கொட்டிய ஹிஸ்டமின் வேலை செய்யாமல் மறிக்கலாம். உங்கள் மாத்திரை மூன்றாவது வகையாக இருக்கும். எபெட்ரின் மூன்றிலும் சேராது.

ஐஜிஇ-யைக் கண்டுபிடித்ததும் ஒரு ஜப்பானியத் தம்பதிதான், இஷிசாகா கிமிஷிகேவும் தெருகோவும், 1966-இல் அமெரிக்காவின் டென்வரில். தங்கள் தோலிலேயே ஊசி போட்டுத் தடிப்பு வருகிறதா என்று பார்த்தார்கள். நாம் மாமியார் கொடுக்கும் கஷாயத்துக்கே யோசிக்கிறோம்.

பிப்ரவரி 21

மூலிகையிலிருந்து பிறந்த, செல்லைக் கட்டிப்போடுகிற மருந்து என்று கேட்டால் எனக்கு முதலில் தோன்றுவது நாந்தென்.

நாங்கள் முன்பு இருந்த வீட்டில் பக்கத்து வீட்டுப் பாட்டி கழிப்பறைச் சுவரை ஒட்டி ஒரு செடி வைத்திருந்தார். மெல்லிய தண்டு, மூங்கில் மாதிரி இலை, குளிர்காலத்தில் குன்றிமணி நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பழம். "நாந்தென்" என்ற ஒலியை "கஷ்டத்தைத் திருப்பிப் போடு" என்றும் பிரிக்கலாம் என்பதால் வீட்டில் வைப்பார்களாம். விசேஷ நாளில் சிவப்புக் காராமணிச் சாதம் கொடுத்தனுப்புவார், மேலே ஒரு நாந்தென் இலை கட்டாயம் இருக்கும். முதல் தடவை கறிவேப்பிலை மாதிரி ஓரமாக ஒதுக்கிவைத்தேன். ஒதுக்கத்தான் வேண்டுமாம், அது தின்பதற்கில்லை.

இதன் காய்ந்த பழம் இருமலுக்குப் பழைய மருந்து. தொண்டை மிட்டாய் கூட விற்கிறது. அதிலிருந்து கிடைத்ததுதான் டிரானிலாஸ்ட். மாட்சுமோட்டோவைச் சேர்ந்த கிஸ்ஸெய் நிறுவனம் கொண்டுவந்தது, 1982-இல் ஆஸ்துமாவுக்கு அனுமதி. மாஸ்ட் செல் கொட்டுவதைக் குறைக்கும். அப்புறம் மூக்கு, கண் சொட்டு, தடித்து வளரும் தழும்பு வரைக்கும் போனது.

பிப்ரவரி 22

திருத்தம். நேற்று "அதிலிருந்து கிடைத்தது" என்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் நாந்தென் மிட்டாய் நாலு பாக்கெட் வாங்கிவிட்டதாகச் சொல்கிறார். மன்னிக்கவும். டிரானிலாஸ்ட் அந்தப் பழத்துக்குள் இல்லை. செடியில் கண்ட ஒரு பொருளின் அமைப்பை மாதிரியாக வைத்து ஆய்வகத்தில் செய்த மூலக்கூறு அது. செடி தந்தது யோசனை, மருந்து தொழிற்சாலையில் வந்தது. மிட்டாய் தொண்டைக்கு இதமாக இருக்கும், சாப்பிட்டுத் தீருங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் டிரானிலாஸ்ட் பக்கமே போகக் கூடாது. மற்றவர்களுக்கும் உடனே கேட்கிற மருந்து இல்லை, வாரக் கணக்கில் சாப்பிட வேண்டும்.

இன்னொன்று, சுகியை யாரோ "தேவதாரு" என்று மொழிபெயர்த்திருந்தீர்கள். ஆங்கிலத்தில் சீடர் என்று சொல்வதால் வந்த வினை. தேவதாரு பைன் குடும்பம், சுகி சைப்ரஸ் குடும்பம். இமயமலை மரத்தின் மேல் பழியைப் போடாதீர்கள்.

மார்ச் 3

இன்று கண்ணைத் திறக்க முடியாத நாள். ஆகவே தேநீர்க் கதை.

1999-இல் தைவானின் தோங்டிங் ஊலாங் தேயிலையில் வழக்கமான கேட்டசின் என்ற துவர்ப்புப் பொருளோடு மெத்தில் என்ற குட்டி அணுக் கூட்டம் தொங்கும் வகையைக் கண்டார்கள். எலியில் அலர்ஜியை நன்றாகத் தடுத்தது. ஜப்பானியத் தேயிலைகளில் தேடியபோது சிக்கியது பெனிஃபூகி. வேடிக்கை என்னவென்றால், அது கறுப்புத் தேயிலைக்காகவே மகுராசாகியில் வளர்த்தெடுத்த ரகம். தாய் வழி அஸ்ஸாம் விதை, தந்தை வழி டார்ஜிலிங். 1876-இல் ததா மோதோகிச்சி என்பவர் தேயிலை கற்க இந்தியாவுக்கு வந்து விதையோடு திரும்பிய கதையின் பேரன் பேத்தி இது. ஆக, மூக்குக்கு நாம் கடனாளி இல்லை, ஜப்பான்தான் நமக்குக் கடன்.

படித்ததும் ஒரு டின் வாங்கினேன். மூன்று வாரம், காலை மாலை, நன்றாகக் கொதிக்கவிட்டு. எந்த முன்னேற்றமும் இல்லை. கட்டுரையை மறுபடி எடுத்தபோதுதான் கண்ணில் பட்டது: மெத்தில் கேட்டசின் பச்சையாகப் பதப்படுத்தினால்தான் நிற்கும், கறுப்புத் தேயிலையாகப் புளிக்க வைத்தால் போய்விடும். டின்னைத் திருப்பினேன். நான் வாங்கியது பெனிஃபூகி கறுப்புத் தேயிலை. போதாக்குறைக்கு பால், சர்க்கரை, இரண்டு ஏலக்காய் தட்டிப் போட்டு.

இப்போது பச்சைத் தூள். அட்டையில் மெத்தில் கேட்டசின் நாளுக்கு 34 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது. வேப்பம்பூ ரசத்தை ஆறவைத்துக் குடிப்பது போல இருக்கும். சீசன் தொடங்குமுன்பே குடிக்கத் தொடங்கினால்தான் பலன் தெரியும் என்கிறார்கள். மார்ச்சில் தொடங்கிய நான் பந்தி முடிந்த பிறகு இலை போட்டவன்.

மார்ச் 4

"துளசிச் சாறு போதும், எதற்கு இந்தச் சுற்று?" என்று கேட்டவருக்கு: நீங்கள் நினைப்பதைவிட அருகில் இருக்கிறீர்கள். மீனோடு வைக்கும் ஷிசோ இலை தெரியுமல்லவா? அதில் ரோஸ்மரினிக் அமிலம் உண்டு. அதைச் செறிவாக்கி மகரந்த அலர்ஜி உள்ள 29 பேரை வைத்து 21 நாள் போலி மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, 2004-இல் எழுதினார்கள். அறிகுறிகள் குறைந்தன. துளசி, கற்பூரவல்லி, ஷிசோ எல்லாம் ஒரே குடும்பம், அந்த அமிலம் மூன்றிலும் இருக்கிறது. ஆனால் 29 பேர் என்பது ஒரு பேருந்தில் முக்கால் பங்கு. அங்கே சோதித்தது அளந்து செறிவாக்கிய பொருள், நாலு இலையைக் கசக்கிய சாறு இல்லை.

மார்ச் 9

போன குறிப்பில் நான் கொஞ்சம் கறாராக எழுதிவிட்டேன் என்று இருவர் வருத்தப்பட்டார்கள். கறாருக்குக் காரணம் சொல்கிறேன்.

"அலர்ஜி எதிர்ப்புப் பொருள் கண்டுபிடிப்பு" என்று வாராவாரம் வரும் கட்டுரைகளில் பெரும்பகுதி ஒரே சோதனை. எலியின் புற்றுநோயிலிருந்து வந்த ஒரு செல் வகையைத் தட்டில் வளர்ப்பார்கள். அதைத் தூண்டிவிட்டு, மூலிகைச் சாற்றை ஊற்றி, எவ்வளவு கொட்டுகிறது என்று அளப்பார்கள். இந்தத் தட்டில் செடிகளில் பரவலாக உள்ள ஃபிளேவனாய்டு என்ற பொருள் வகையில் ஏறக்குறைய எதுவும் ஜெயிக்கும். வெங்காயத்தில் உள்ள குவர்செட்டின் ஜெயிக்கும், ஷிசோவின் லூட்டியோலின் ஜெயிக்கும், ஓகோன் என்ற மூலிகை வேரின் பைகலெயின் ஜெயிக்கும். நான் கல்லூரியில் இருந்தபோது எங்கள் ஆய்வகமும் இந்த வகையில் ஒரு சாற்றைக் கொண்டாடியது, பெயர் வேண்டாம். தட்டில் நாங்கள் ஊற்றிய செறிவு ரத்தத்தில் வர ஒரு ஆள் எத்தனை கிலோ இலை தின்ன வேண்டும் என்று மதிய உணவு நேரத்தில் கணக்குப் போட்டோம். ஆடு கூட மறுத்திருக்கும்.

வாய் வழியாகப் போன குவர்செட்டினில் கொஞ்சம்தான் உள்ளே ஏறும், ஏறியதையும் குடலும் கல்லீரலும் உருமாற்றிவிடும். தட்டில் நடந்தது மூக்கில் நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மார்ச் 18

வேர்க்கடலை அலர்ஜி உள்ள தன் பையனுக்கு சீன மூலிகை கொடுக்கலாமா என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்கள். அம்மா, வேண்டாம். கூடவே எபினெஃப்ரின் ஊசி இருக்கட்டும்.

அந்த ஆசைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. நியூயார்க் மவுன்ட் சினாய் மருத்துவமனையில் ஷியூ-மின் லி ஒன்பது மூலிகைகளைக் கொண்டு ஒரு கலவை செய்தார். முதல் வடிவத்தில் பதினொன்று இருந்தன, நஞ்சுக்குப் பயந்து நாபிக் கிழங்கையும் அசாரத்தையும் எடுத்துவிட்டார். எலிகளுக்கு வேர்க்கடலையால் வரும் ஆபத்து நின்றேபோனது. அருமையான முடிவு. மனிதர்களில் 68 பேரை வைத்து ஆறு மாதம் சோதித்து 2015-இல் முடிவு வந்தது: பாதுகாப்பானது, ஆனால் போலி மருந்தைவிட மேல் என்று காட்ட முடியவில்லை. வேளைக்குப் பத்து மாத்திரை, மூன்று வேளை, மொத்தம் முப்பது. பலர் ஒழுங்காகச் சாப்பிடவே இல்லை. யார்தான் சாப்பிடுவார்கள்? அதனால் மருந்து தோற்றதா, மாத்திரை எண்ணிக்கை தோற்கடித்ததா என்பது இன்றும் விவாதம். நான் எண்ணிக்கை பக்கம்.

மார்ச் 19

கலவை என்றதும் நினைவுக்கு வந்தது. சீன மூலிகைக் க்ரீம் தடவினால் எக்ஸிமா மாயமாகப் போகிறது என்று லண்டனில் ஒரு காலத்தில் பெரிய பேச்சு. 1999-இல் பதினொரு க்ரீமை வாங்கிச் சோதித்தார்கள். எட்டில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு. "மூலிகை மூன்றே நாளில் கேட்டது" என்றால் எனக்கு வருவது பக்தி இல்லை, சந்தேகம்.

மார்ச் 27

இதை எழுதலாமா என்று பத்து நாள் யோசித்தேன். என் முட்டாள்தனம், யார் மேலும் குறை இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன் 19 சாப்பிட்டுக்கொண்டிருந்த சமயம் ராத்திரியில் கெண்டைக்கால் இழுக்க ஆரம்பித்தது. நண்பர் 68-ஆம் நம்பர் கொடுத்தார். பியோனியும் அதிமதுரமும் மட்டும் சேர்ந்த கஷாயம், இழுப்புக்குக் கை கண்டது, ஐந்து நிமிஷத்தில் விட்டுவிடும். அடுத்த வாரம் இழுப்பு அதிகம். நான் 68-ஐ மூன்று வேளை ஆக்கினேன். இன்னும் அதிகம். கூடவே ஊரிலிருந்து வந்த அதிமதுரப் பொடி, தொண்டைக்கு. ஒரு நாள் ரயில் நிலையப் படியில் பாதியில் கால் வரவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பின்னால் வந்த கூட்டம் ஆற்றுநீர் கல்லைச் சுற்றிப் போவது போல என்னைச் சுற்றிப் போனது.

ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.9. அது 3.5-க்குக் கீழே போகக் கூடாது. ரத்த அழுத்தம் 160. டாக்டர் என் பையிலிருந்த பொட்டலங்களை மேஜையில் வரிசையாக வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரே வரியைப் பேனாவால் கோடிட்டார்: அதிமதுரம், அதிமதுரம். 19-இல் நாளுக்கு 3 கிராம், 68-இல் 6 கிராம், மேலே வீட்டுப் பொடி. அதிமதுரத்தின் கிளிசிரைசின் உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். பொட்டாசியம் குறைந்தால் தசை இழுக்கும். இழுத்தால் நான் இன்னும் 68 போடுவேன். அந்த வட்டத்தில் மூன்று வாரம் சுற்றியிருக்கிறேன். ஜப்பானியக் கஷாயங்களில் பெரும்பாலானவற்றில் அதிமதுரம் உண்டு. இரண்டு நம்பர் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் இன்றே பின்பக்கம் படியுங்கள்.

மார்ச் 28

"இயற்கையானது எப்படிக் கெடுதல் செய்யும்?" என்று தொடங்கிய பதிலை முழுதாகப் படித்தேன். 9-ஆம் நம்பர், ஷோசைகோதோ, கல்லீரலுக்கு என்று லட்சக்கணக்கானோர் சாப்பிட்டார்கள். 1996-இல் நுரையீரல் அழற்சியில் பத்துப் பேர் இறந்ததாக ஜப்பான் அரசு அவசர எச்சரிக்கை விட்டது. நம் ஆடுதீண்டாப்பாளை இருக்கிறதே, ஆடே தீண்டாது என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதன் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 19-இல் உள்ள அசாரமும் அதே குடும்பம். அதனால்தான் ஜப்பானில் வேரை மட்டும் எடுத்து, அந்த அமிலம் இல்லை என்று சோதித்துவிட்டுச் சேர்க்கிறார்கள். பினெல்லியா சேனைக்கிழங்கின் உறவு, பச்சையாகக் கடித்தால் தொண்டை அரிக்கும். நாம் சேனைக்குப் புளி விடுகிறோம், அவர்கள் பினெல்லியாவோடு இஞ்சி வகையைச் சேர்க்கிறார்கள். பக்குவம் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் பயந்துதான் சமைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 14

சுகி முடிந்து அடுத்த மரமான ஹினோக்கியின் மகரந்தம் தொடங்கிவிட்டது. முதல் குறிப்புக்கே திரும்புகிறேன், ஏனென்றால் பிப்ரவரி 17-இல் எல்லாப் புகழையும் எபெட்ராவுக்கே கொடுத்ததும் சரியில்லை என்று இப்போது படுகிறது. எபெட்ரின் மூக்கடைப்பைத் திறக்கும், சரி. ஆனால் 19 எனக்கு நன்றாகக் கேட்டது அடைப்புக்கு இல்லை, தும்மலுக்கும் நீராக ஒழுகுவதற்கும்தான். பழைய நூலும் அதைத்தான் சொல்கிறது, உள்ளே நீர் கோத்து வெளியே ஒழுகுகிறவனுக்கு என்று. மஞ்சளாகக் கெட்டியான சளிக்கு இதைக் கொடுக்கமாட்டார்கள். மீதி ஏழு சரக்கும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒரே ஒரு பொருளைப் பிடித்து "இதுதான் அது" என்று காட்டும் என் வேதியியல் புத்திக்கு இது பிடிக்கவில்லை.

மே 6

கேட்டவர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார். மூக்கு நின்றுவிட்டதாம், 19-இல் பதினாலு பொட்டலம் மிச்சமாம், என்ன செய்ய என்று கேட்கிறார். காலாவதித் தேதியைப் பாருங்கள், அடுத்த பிப்ரவரி வரை நிற்கும் என்றால் ஈரமில்லாத டப்பாவில் வையுங்கள். ஆனால் டாக்டரைப் பார்க்காமல் எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். பச்சை பெனிஃபூகி வாங்கினால் ஜனவரி முதல் வாரமே தொடங்குங்கள்.

என் கறுப்பு பெனிஃபூகி டின்னை அக்கா சென்னைக்கு எடுத்துப் போய்விட்டாள். பாலும் ஏலக்காயும் போட்டு ரொம்ப நன்றாக இருக்கிறதாம், இன்னொரு டின் கேட்கிறாள். அவளுக்கு அலர்ஜி கிடையாது.